பிள்ளைக்கும் ஒரு வக்கீல் வேண்டும்

(புளியங்குடியில் மில் தொழிலாளர்களும், விவசாயத் தொழிலாளர்களும், பீடித் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு நேரே வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இராத்திரி ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்த தாய்மார்களும் இருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கூலித் தகராறு வந்தால் உங்களுக்காகப் பேசச் சங்கம் இருக்கிறது. வரப்புத் தகராறு வந்தால் இரு தரப்புக்கும் வக்கீல் உண்டு. ஆனால் புருஷன் பெண்சாதிக்குள் பிணக்கு முற்றி, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு வரும்போது என்ன நடக்கிறது? அப்பன் ஒரு பக்கம் நிற்கிறான். ஆத்தா ஒரு பக்கம் நிற்கிறாள். இருவருக்கும் பேச ஆள் உண்டு. எந்தப் பிள்ளையைப் பற்றி வழக்கோ, அந்தப் பிள்ளைக்காகப் பேச அங்கே யாரும் இல்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மிட்டாய் தின்றுகொண்டிருக்கிறது.

இது பணக்கார வீட்டு வியாஜ்யம், நமக்கென்ன என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நம் வீடுகளில்தான் இது அதிகமாகக் கசக்கிறது. வேலை தேடி ஒருவர் கேரளத்துக்குப் போகிறார். மற்றவர் பிள்ளையோடு இங்கே நிற்கிறார். கடன், குடி, சந்தேகம், அடி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து குடும்பம் பிளக்கிறது. பிறகு வாய்தாவுக்கு வாய்தா தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலியைத் தின்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1890-ம் வருஷத்துக் கார்டியன் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அதன் 17-வது பிரிவு, மைனரின் நலனைப் பார்த்தே கார்டியனை நியமிக்க வேண்டும் என்கிறது. யோசித்து விருப்பம் சொல்லும் வயது பிள்ளைக்கு இருந்தால், கோர்ட் அந்த விருப்பத்தையும் கருதலாம் என்கிறது. 1956-ம் வருஷத்து இந்து மைனர் சட்டத்தின் 13-வது பிரிவு பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது. சென்னை ஹைகோர்ட்டிலிருந்து மேலே போன ஒரு வழக்கில், 1973-ல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் தாய் தகப்பனின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று தெளிவாகவே சொல்லிவிட்டது.

நல்ல வார்த்தைகள்தாம். ஆனால் பிள்ளையின் நலன் எது என்பதை கோர்ட்டுக்கு எடுத்துச் சொல்வது யார்? அப்பன் வக்கீல் சொல்வது அப்பனின் நலன். ஆத்தா வக்கீல் சொல்வது ஆத்தாவின் நலன். இரண்டு பேரும் 'பிள்ளையின் நலன்' என்ற பெயரில்தான் பேசுவார்கள். நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். ஒரு மைனர் பையனுக்கு அரை ஏக்கர் நஞ்சையில் பங்கு இருக்கிறது என்று வையுங்கள். அந்தப் பங்கைப் பற்றி அவன்மேல் வழக்கு வந்தால், 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 32-வது ஆர்டர்படி, அவனுக்காக நிற்கத் தக்க ஒருவரைக் காப்பாளராக கோர்ட் நியமித்தாக வேண்டும். அரை ஏக்கருக்கு இத்தனை ஜாக்கிரதை! ஆனால் அந்தப் பையன் எந்த வீட்டில் உண்பான், எந்தப் பள்ளிக்குப் போவான், இராத்திரி யார் பக்கத்தில் படுப்பான் என்று தீர்மானிக்கிற வழக்கில் அவன் கட்சிக்காரனே அல்ல. அவனுக்கென்று தனியாக ஒருவரைக் கட்டாயம் நியமிக்க வேண்டும் என்று பொதுவான சட்டம் கிடையாது. நிலத்துக்குக் காட்டும் மரியாதையைப் பிள்ளைக்குக் காட்டவில்லை என்றால் அது என்ன நியாயம்?

குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-ல் வந்தது. 10 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள ஊர்களில் குடும்ப நீதிமன்றம் அமைத்தாக வேண்டும், மற்ற இடங்களில் அவசியம் என்று சர்க்கார் கருதினால் அமைக்கலாம் என்பது அதன் விதி. அதன் 13-வது பிரிவு வக்கீல் வைத்துக்கொள்வதை எவருக்கும் உரிமையாகத் தரவில்லை. வக்கீல்கள் புகுந்தால் சண்டை வளரும், சமரசம் கெடும் என்பது அதன் எண்ணம். ஆனால் அதே பிரிவு, நியாயத்துக்குத் தேவை என்று கருதினால் சட்டம் தெரிந்த ஒருவரின் உதவியை கோர்ட் நாடலாம் என்கிறது. 12-வது பிரிவு, மருத்துவர், சமூக நலத்துறையில் பழகியவர் போன்றோரின் உதவியையும் பெறலாம் என்கிறது. ஆக, கதவு பூட்டப்படவில்லை. பிள்ளைக்காகப் பேசப் பழகிய ஆள் இருந்தால், மனமுள்ள ஜட்ஜ் ஒருவர் இன்றைக்கே அவரை அழைக்கலாம். ஆள் எங்கே என்பதுதான் கேள்வி.

இது நூறு வருஷத்துக் கேள்வி என்பதற்கு நம் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. அடையாறு பிரம்மஞான சபையில் இருந்த நாராயணையா என்பவர், தம் மக்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவருக்கும் அன்னி பெசன்ட் அம்மையாரை 1910-ல் கார்டியனாக எழுதிக் கொடுத்தார். பிறகு மனம் மாறி, பிள்ளைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று 1912-ல் வழக்குப் போட்டார். செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் தொடங்கிய அது சென்னை ஹைகோர்ட்டுக்கு மாறியது. தகப்பனாருக்காக சி.பி. ராமசாமி ஐயர் வாதாடினார். அம்மையார் தம் கட்சியைத் தாமே வாதாடினார். 1913-ல் தகப்பனார் பக்கம் தீர்ப்பாயிற்று. அந்த இரண்டு பையன்களும் அப்போது இங்கிலாந்தில் இருந்தார்கள். அவர்கள் வழக்கில் கட்சிக்காரர்களாகவே இல்லை. 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. செங்கல்பட்டு கோர்ட்டுக்கு இதில் அதிகாரமில்லை என்றது. தகப்பனார் இங்கிலாந்து ஹைகோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும், அங்கே போயிருந்தால் பிள்ளைகளின் நலனும் பார்க்கப்பட்டிருக்கும், அவர்களுடைய சொந்த விருப்பமும் கவனத்தோடு கேட்டறியப்பட்டிருக்கும் என்றது.

பிள்ளைகளைக் கேட்காமல் பிள்ளைகளைப் பற்றித் தீர்மானிக்காதே என்பது 1914-லேயே சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் அந்தப் பையன்களின் வழக்கு லண்டன் வரை போக வசதி இருந்தது. புளியங்குடிப் பையனின் குரல் தென்காசி வரைகூடப் போவதில்லை.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்திலேயே ஒரு கொடிய சம்பவம் உண்டு. பிரைட்டன் நகரத்தில் மரியா கால்வெல் என்று ஒரு ஏழைச் சிறுமி. உறவினர் ஒருவர் வீட்டில் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தாள். பெற்ற தாய் திரும்பக் கேட்டாள். அப்போது அவளுக்குப் பொறுப்பாக இருந்த உள்ளூர் நிர்வாகம் ஆட்சேபிக்கவில்லை. 1971-ல் கோர்ட் அனுப்பி வைத்தது. போகமாட்டேன் என்று அந்தப் பிள்ளை தன்னால் இயன்ற விதத்திலெல்லாம் காட்டியது. கோர்ட்டில் அதை எடுத்துச் சொல்ல அவளுக்கென்று தனியாக ஒருவர் இல்லை. 1973 ஜனவரியில், ஏழு வயதில், மாற்றாந் தகப்பன் அடித்து அவள் செத்தாள். நாடே கொதித்தது. விசாரணை நடந்தது. 1975-ல் சட்டம் திருத்தப்பட்டது. பெரியவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போய்விட்டாலும், பிள்ளைக்குத் தனியாக ஒரு காப்பாளர் வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. இன்று அங்கே பிள்ளைகளுக்காக வாதாடும் வக்கீல்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. தனித் தேர்ச்சி உண்டு. ஆஸ்திரேலியாவிலும் பிள்ளைக்கென்று தனி வக்கீலை கோர்ட் நியமிக்கலாம். தென்னாப்பிரிக்காவோ 1996-ல் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டது: பிள்ளையைப் பாதிக்கும் சிவில் வழக்கில், வக்கீல் இல்லாவிட்டால் பெரிய அநீதி நேரும் என்றால், சர்க்கார் செலவில் வக்கீல் கொடுக்க வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சபை 1989 நவம்பர் 20-ல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையில் 12-வது ஷரத்து இதையே சொல்கிறது. தன்னைப் பாதிக்கும் எந்த கோர்ட் நடவடிக்கையிலும், நேரிலோ தனக்காகப் பேசுபவர் மூலமோ, தன் கருத்தைச் சொல்லப் பிள்ளைக்கு வாய்ப்புத் தர வேண்டும். இந்தியா 1992 டிசம்பரில் அதில் சேர்ந்தது. உலக சபையில் ஒப்புக்கொண்டதை உள்ளூர் கோர்ட்டில் நிறைவேற்ற வேண்டாமா?

தோழர்களே, இனி என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், நூற்பாலைத் தொழிலாளி ஒருவருக்காக ஆஜரானேன். நல்ல மனிதர்தான். எட்டு வயதுப் பையனைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது வழக்கு. சின்னப் பெண் குழந்தை தாயிடம் இருந்தது. ஜட்ஜ் பையனைத் தம் அறைக்குள் கூப்பிட்டுக் கேட்கப்போகிறார் என்று தெரிந்தது. கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் நான் அந்தப் பையனை உட்காரவைத்து, "ஏலே தம்பி, ஐயா கேட்டா அப்பாகூடத்தான் இருப்பேன்னு சொல்லணும், என்ன?" என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன். உள்ளே போனான், சொன்னான், பத்து நிமிஷத்தில் வெளியே வந்தான். நான் ஜெயித்தேன். கட்சிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பஸ் நிலையத்து டீக்கடையில் அந்தப் பையன் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டான். பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷம் ஆயிற்றாம். அப்பாவுக்கு மாதத்தில் பாதி நாள் இராத்திரி ஷிப்டு. வீட்டில் வேறு ஆள் இல்லை. இருட்டில் தனியாகப் படுக்கப் பயந்து டீக்கடையில் வந்து படுத்தவன், அங்கேயே வேலைக்கு நின்றுவிட்டான். தங்கச்சியைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்கதான சார் அன்னிக்கு அப்படிச் சொல்லச் சொன்னீய?" என்றான். அவன் கோபமாகச் சொல்லவில்லை. நான் மறந்துவிட்டேனோ என்று ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னான்.

இராத்திரி ஷிப்டு என்று எனக்குத் தெரியும். என் கட்சிக்காரரின் சம்பளச் சீட்டே என் கட்டில் இருந்தது. அந்த வீட்டில் இராத்திரி யார் இருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலும் கேட்கவில்லை. ஜட்ஜுக்குத் தெரிய வழியில்லை. அண்ணனையும் தங்கையையும் பிரிக்கலாமா என்று ஒருவரும் அந்தப் பையனைக் கேட்கவில்லை. கேட்பது எவருடைய வேலையாகவும் இல்லை. அதனால்தான் இந்த விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன்.

பிள்ளைக்கு ஒரு வக்கீலைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. அன்றைக்கு என்னையே அந்தப் பையனுக்கு வக்கீலாகப் போட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்? வேப்பமரத்தடியில் வேறொரு பாடம் சொல்லிக் கொடுத்திருப்பேன். எங்களுக்குச் சட்டக் கல்லூரியில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று எனக்கு ஒருவரும் கற்றுத் தரவில்லை. ஆகவே பயிற்சி வேண்டும். என்ன பயிற்சி?

முதலாவது, கேட்கப் பழக வேண்டும். "அப்பா வேணுமா, அம்மா வேணுமா?" என்ற கேள்வியே குற்றம். எந்தப் பதில் சொன்னாலும் பிள்ளை ஒருவருக்குத் துரோகம் செய்ததாக நினைக்கும். காலையில் யார் எழுப்புவார்கள், சோறு யார் போடுவார்கள், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவாய், எதற்குப் பயம் என்று கேட்க வேண்டும். அதில்தான் உண்மை வரும்.

இரண்டாவது, வீட்டுக்கும் பள்ளிக்கும் போக வேண்டும். இரண்டு வீட்டையும் கண்ணால் பார்க்க வேண்டும். டீச்சரம்மாவை, அங்கன்வாடி ஊழியரை, ஆச்சியை, பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். கோர்ட் வராந்தாவில் பார்த்த பிள்ளை வேறு. தெருவில் விளையாடும் பிள்ளை வேறு.

மூன்றாவது, சொல்லிக் கொடுத்த பேச்சையும் சொந்தப் பேச்சையும் பிரித்தறிய வேண்டும். ஒரே வாக்கியம் ஒரே மாதிரி வந்தால் அது பெரியவர் வாய்ச்சொல்லாக இருக்கக்கூடும். ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டவும் கூடாது. நிஜமாகவே அடிபட்ட பிள்ளையும் அப்படித்தான் பேசக்கூடும்.

நான்காவது, பிள்ளை வளரும் விதம் தெரிய வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அடுத்த மாதம் என்பது தெரியாது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும், சொல்ல வெட்கம். பேச முடியாத பிள்ளைக்கும், காது கேளாத பிள்ளைக்கும் வேறு வழி வேண்டும்.

ஐந்தாவது, இரகசியம் காக்க வேண்டும். பிள்ளை சொன்னதை அப்படியே வெளியில் போட்டு உடைத்தால், அன்று இராத்திரி அது எந்த வீட்டுக்குப் போகிறதோ அங்கே அடிபடும்.

ஆறாவது, முடிவைப் பிள்ளையிடம் போய்ச் சொல்ல வேண்டும். நீ சொன்னதை ஜட்ஜிடம் சொன்னேன், அவர் இப்படித் தீர்மானித்தார், காரணம் இது என்று அதற்குப் புரியும் பாஷையில் சொல்ல வேண்டும். வழக்கு முடிந்தது தெரியாமலே வாழும் பிள்ளைகள் உண்டு.

இதிலே ஒரு பெரிய தர்க்கமும் இருக்கிறது. பிள்ளையின் வக்கீல் பிள்ளை சொல்வதைச் சொல்ல வேண்டுமா, பிள்ளைக்கு நல்லது என்று தமக்குத் தோன்றுவதைச் சொல்ல வேண்டுமா? அமெரிக்க வக்கீல் சங்கம் 2003-ல் விதிமுறை வகுத்தபோது, இவற்றை இரண்டு வேலைகளாகவே பிரித்துவிட்டது. விருப்பத்தைச் சொல்பவர் ஒருவர். நலனைச் சொல்பவர் ஒருவர். இரண்டு பேர் வைக்க நமக்கு வசதி இல்லை. என் அபிப்பிராயம் இதுதான்: பிள்ளை என்ன சொன்னது என்பதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் முதலில் சொல்ல வேண்டும். பிறகு, தாம் பார்த்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டையும் கலந்துவிடக் கூடாது. தீர்ப்புச் சொல்வது ஜட்ஜின் வேலை.

ஜட்ஜே பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கிறாரே, வக்கீல் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நல்ல ஜட்ஜுகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர் முன்னால் வழக்குகள் குவிந்து கிடக்கின்றன. அவர் வீட்டுக்கு வந்து பார்க்க முடியாது. பத்து நிமிஷத்தில் பிள்ளை வாய் திறப்பதும் இல்லை.

இன்னும் சிலர், வக்கீல் கூடினால் செலவு கூடும் என்பார்கள். 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவைப் படியுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச சட்ட உதவி உண்டு. ஆதிதிராவிட, பழங்குடி மக்களுக்கு உண்டு. ஆலைத் தொழிலாளிக்கும் உண்டு. குறைந்த வருமானக்காரர் எவருக்கும் உண்டு. இது பிச்சை அல்ல, உரிமை. தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் குழந்தைகளுக்கென்றே 2015-ல் ஒரு திட்டமும் வகுத்தது. பாலியல் கொடுமை வழக்கில் பிள்ளை தரப்புக்கு வக்கீல் உதவி உண்டு என்று 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டம் சொல்கிறது. அந்த வழியையே இன்னும் கொஞ்சம் நீட்டி, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்குக்கும் கொண்டுவர வேண்டும் என்கிறோம்.

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. தாய் தகப்பனிடையே பிள்ளை குறித்துத் தகராறுள்ள வழக்குகளில் பிள்ளைக்கென்று ஒரு வக்கீலை கோர்ட் நியமிப்பது வழக்கமாக வேண்டும். சட்ட உதவிப் பட்டியலில் உள்ள வக்கீல்களில் விருப்பமுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, குழந்தை மருத்துவர், மனநல மருத்துவர், பள்ளி ஆசிரியர் ஆகியோரைக் கொண்டு பயிற்சி கொடுக்க வேண்டும். பயிற்சி பெறாதவரை அனுப்பக் கூடாது. அப்படி வேலை செய்பவருக்கு, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதற்கும் சேர்த்து நியாயமான கூலி கொடுக்க வேண்டும். கூலி இல்லாமல் நல்ல வேலை நடக்காது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் வரும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் வீட்டு வழக்கு கோர்ட்டுக்குப் போனால், பிள்ளைக்கு உதவ ஒருவரை நியமியுங்கள் என்று நாமே மனுக் கொடுக்கலாம். சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணைக் கூப்பிடலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. தாலுகா சட்டப்பணிகள் குழுவில் தொண்டர்களாகச் சேர நம் இளைஞர்களையும் பெண்களையும் அனுப்பலாம். தெருவில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை ஏங்கிக் கிடக்கிறது என்பது வக்கீலைவிட உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

கடைசியாகத் தாய் தகப்பன்மாருக்கு ஒரு வேண்டுகோள். வழக்கு உங்களுடையது; நடத்துங்கள். ஆனால் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து கோர்ட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். உங்கள் வக்கீல் சொல்லிக் கொடுக்க வந்தால், "வேண்டாம் சார், பிள்ளை அதுபாட்டுக்குச் சொல்லட்டும்" என்று தடுத்துவிடுங்கள். அன்றைக்கு ஒருவர் என்னை அப்படித் தடுத்திருந்தால், அந்தப் பையன் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கலாம்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. கோரிக்கை மனு மேஜைமேல் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். சம்மதமானால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.